லிஃப்ட் இல்லை

இந்த ஊரில்
ஓயெர் ஏறாத மாடி இல்லை.
சிப்பிபோல் வளைந்த கடற்கரையோரம்
கண்ணாடி மாடங்கள் வைத்த கட்டடங்களில்
எட்டாம் தளம்வரை போவான்,
கயிற்றுக்கு மசகு தடவுவான்,
சிக்கிய கதவை நாலு தட்டுத் தட்டி
கையெழுத்து வாங்கிக்கொண்டு
கீழே வந்துவிடுவான்.
லிஃப்ட் மெக்கானிக்கின் உயர்வு
அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடச் சமையற்கட்டில்
தினம் முந்நூறு தட்டு கழுவுகிறேன்.
இரண்டு சம்பளமும் சேர்ந்தால்
ஒரு வீட்டின் குளியலறைவரை எட்டும்,
அதுவும்
தொட்டியை வெளியே எடுத்துவிட்டால்.

ஒன்பது வருடம் சேர்த்தோம்.
அவன் சிகரெட்டை விட்டான்.
நான் பல் கட்டுவதைத் தள்ளிப்போட்டேன்,
இன்றும் இடப்பக்கம்தான் மெல்லுகிறேன்.
நாங்கள் ஓரடி வைத்தால்
விலை, நீளக்கால்காரன்,
இரண்டடி வைத்தான்.
மலிவு வீட்டுக்கான அரசாங்கக் குலுக்கலில்
எங்கள் எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
வீடுகள் முப்பத்திரண்டு.
வங்கியில் நெரேயா என்றொரு பெண்
திரையை எங்கள் பக்கம் திருப்பாமலே
அன்பாகச் சிரித்தாள்.
மருத்துவர்கள் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு மழைச் செவ்வாயில் அந்த விளம்பரம்:
ரயில் பாலத்துக்குப் பின்னால்,
ஐந்தாம் மாடி,
முப்பத்தொன்பது சதுர மீட்டர்,
கடைசி வரியில், பொடி எழுத்தில்,
லிஃப்ட் இல்லை.

அந்த இரண்டு சொல்லுக்கு
எழுபதாயிரம் யூரோ தள்ளுபடி.

பார்க்கப் போன அன்று
படிகளுக்கு நடுவே கிணறுபோல் நின்ற வெற்றிடத்தை
அண்ணாந்து அளந்தான் ஓயெர்.
"ஒன்றரை மீட்டர் இருக்கு. தாராளமா வைக்க..."
அவன் காலை மிதித்தேன்.
தரகர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜ் கொண்டுவந்த ஆட்கள்
தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.
நாங்களே சுமந்தோம்,
அவன் கீழே, நான் மேலே,
திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சண்டை.
மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது.
"எத்தனாவது?"
"ஐந்து."
"அட கடவுளே" என்றார் அந்த அம்மாள்.
முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்.
ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் தந்து
குடித்து முடிக்கும்வரை நின்றார்.

படிகள் தொண்ணூறு.
தவணைகள் முந்நூற்று அறுபது.
அப்படியானால் படிக்கு நான்கு.
நாலாம் மாதத் தவணை போன அன்று
வேலையிலிருந்து வந்தவள்
காய்கறிப் பையோடு
முதல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
இது எங்களுடையது.
மீதி எண்பத்தொன்பதையும்
வங்கியின்மேல் நடந்து கடந்தேன்.

நவம்பரில் குடியிருப்போர் கூட்டம்.
லிஃப்ட் வைப்பதா, வேண்டாமா.
வீட்டுக்குப் பதினெட்டாயிரம்,
மேலே போகப் போகக் கூடும்.
"தொழில் தெரிந்தவர் நீங்கள், சொல்லுங்கள்."
எல்லா நாற்காலியும் ஓயெர் பக்கம் திரும்பின.
அவன் பொய் சொல்லவில்லை.
வைக்கலாம் என்றான்.
பதினைந்து வாரம் ஆகும், சத்தமே கேட்காது,
இருபத்தைந்து வருடம் உழைக்கும்,
என்றெல்லாம்
தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவன்போல
சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"எதிர்ப்பவர்கள்?"

முதலில் எழுந்த கை அவனுடையது.
நகக்கண்ணில் மசகு,
எந்தச் சோப்புக்கும் போகாதது.
பிறகு இன்னும் நான்கு கைகள்.
போதுமானதாக இருந்தது.

என் கை மடியிலேயே கிடந்தது.
வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான்.
அது எவ்வளவு வசதி
என்று அப்போது தெரிந்தது.

கூட்டம் கலைந்து மேலே ஏறினோம்.
எங்களுக்கு முன்னால் மூன்றாம் மாடி அம்மாள்,
கைப்பிடியைப் பற்றி,
ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து,
நின்று,
அடுத்த படி.
திரும்பிப் பார்க்கவில்லை அவர்.
நாங்களும் ஒன்றும் பேசவில்லை.
முந்திப் போக முடியாத அகலம்
அந்தப் படிக்கட்டு.